பல்கலைக்கழகங்களும் இரகசியக் கழகங்களும்

கல்வியை ஒளியென்றும் அறியாமையை இருளென்றும் கூறுதல் உலக வழக்கு. அவ்வொளியைப் பரப்புதற்கென்றே தோன்றிய பல்கலைக்கழகங்களுக்குள்ளே, கதவடைத்துத் திரையிட்டுக் கூடும் இரகசியக் கழகங்கள் பல தோன்றி நெடுங்காலம் நிலைத்துள்ளன என்பது வியப்புக்குரியதாகும். இவற்றைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் சடங்குகளையும் சின்னங்களையும் விரித்துரைத்துப் படிப்போரின் ஆவலைத் தூண்டுவர். வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய வினா வேறு. உள்ளே யாது நிகழ்கின்றது என்பதினும், உள்ளே புகுவோரைத் தெரிவுசெய்பவர் யார், எவ்வளவைகொண்டு தெரிவுசெய்கின்றனர், தெரியப்படாதாருக்கு யாது மறுமொழி கூறுகின்றனர் என்பனவே ஆராய்தற்குரியன. ஒரு கழகத்தின் இயல்பை அதன் மந்திரங்கள் காட்டுவதினும் அதன் வாயில் தெளிவாகக் காட்டும். இக்கருத்தினை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புகழ்பெற்ற சில கழகங்களின் வரலாறுகொண்டு நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரகசியம் எப்பொழுதும் குற்றத்தின் அடையாளமன்று. சிலவிடத்து அது காப்பாகும். நெப்போலியனோடு நிகழ்ந்த போர்களையடுத்து, 1815 ஆம் ஆண்டு யூன் மாதம் 12 ஆந் திகதி, யேனா நகர்ப் பல்கலைக்கழக மாணவர் ‘பூர்ஷன்ஷாஃப்ட்’ என்னுங் கழகத்தை நிறுவினர். பல அரசுகளாய்ப் பிரிந்துகிடந்த ஜேர்மானிய நாடு ஒன்றாதல் வேண்டும் என்பது அவர்தம் வேட்கை. அஃது ஆதியில் மறைவான கழகமன்று. 1817 ஒற்றோபர் 18 இல் வாட்பேக் கோட்டையிற் பல பல்கலைக்கழக மாணவரும் வெளிப்படையாகவே கூடி விழா எடுத்தனர். ஆயின் 1819 மார்ச்சு மாதத்திற் காள் சாண்ட் என்னும் மாணவன் நாடகாசிரியர் கொட்செபு என்பாரைக் குத்திக் கொன்றான். அதனைக் காரணங்காட்டி, மெற்றர்னிக்கின் தூண்டுதலால் அவ்வாண்டிலேயே காள்ஸ்பாட் ஆணைகள் பிறந்தன. மாணவர் கழகங்கள் தடைசெய்யப்பட்டன, பல்கலைக்கழகங்களைக் கண்காணிக்க அரசின் பிரதிநிதிகள் அமர்த்தப்பட்டனர், பத்திரிகைகள் தணிக்கைக்குட்பட்டன. வெளியிற் கூட இடமின்றிப்போகவே மாணவர் மறைவிற் கூடலாயினர். ஒருவன் செய்த கொலைக்காக யாவரையும் வாய்மூடச் செய்த அரசே ஆங்கு இரகசியத்தைப் பிறப்பித்தது எனலாம்.

இதனினும் உருக்கமானது வில்னா நகர மாணவர் வரலாறு. போலந்து நாட்டைப் பேரரசுகள் மூன்று பங்கிட்டுக்கொண்ட காலத்தில் வில்னா உருசியப் பேரரசின் கீழ் இருந்தது. 1817 இல் ஆங்குப் பயின்ற மாணவர் சிலர் ‘பிலோமாத்’ என்னும் பெயரால் ஒரு மறைகழகங் கண்டனர். அறிவை விரும்புவோர் என்பது அப்பெயரின் பொருள். தாம் எழுதிய கட்டுரைகளையும் கவிதைகளையும் ஒருவர்க்கொருவர் படித்துக் குற்றங்குறை எடுத்துரைத்தலே அவர்தம் முதற்றொழிலாயிருந்தது. நாளடைவில் நாட்டுப்பற்றும் அதனோடு சேர்ந்து வளர்ந்தது. அக்கழகத்தை நிறுவினோருள் ஒருவர், பின்னாளிற் போலந்தின் பெருங்கவிஞராய் விளங்கிய அடம் மிற்ஸ்கியேவிச். அவர் பல்கலைக்கழகத்தை விட்டபின் கோவ்னோ நகரிற் பாடசாலை ஆசிரியராய்ப் பணிபுரிந்துகொண்டே நண்பர்களோடு தொடர்பு பூண்டிருந்தார். 1823 இல் அதிகாரிகள் இக்கழகத்தையும் அதனின்று கிளைத்த கழகங்களையுங் கண்டறிந்து பலரைச் சிறையிலிட்டனர். 1824 இல் மிற்ஸ்கியேவிச் உருசியாவின் உட்பகுதிக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் அவர் தம் பிறந்த மண்ணை மீண்டுங் கண்டாரல்லர். கட்டுரை படித்தமைக்கு நாடு கடத்தப்பட்ட அவ்விளைஞரை நோக்கி, மறைவிற் கூடியது தவறென எவரும் உரைக்கத் துணியார்.

இனி, கேம்பிறிட்ஜ் நகருக்கு வருவோம். ஆங்குச் சிறையுமில்லை, நாடுகடத்தலுமில்லை; எனினும் எண்ணத்துக்கு வேலிகள் இருந்தன. இங்கிலாந்துத் திருச்சபைக் கொள்கைக்கு உடன்படாதார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்குப் பட்டம் பெறுதல் இயலாது. 1817 இல் மாணவர் சங்கத்தின் விவாதங்களையும் உபவேந்தர் தடுத்துவிட்டார். அவை 1821 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபொழுதும் அண்மைக்கால அரசியல் பேசலாகாது என்னும் விதி இருந்தது. இச்சூழலில், 1820 இல், ஜோர்ஜ் ரொம்லின்சன் முதலிய மாணவர் சிலர் தனியே கூடி உரையாடும் கழகமொன்றை அமைத்தனர். தொடக்கத்திற் பன்னிருவராயிருந்தமையின் ‘அப்போஸ்தலர்’ என்னும் பெயர் அவர்க்கு வாய்த்தது. சனிக்கிழமை இரவுகளில் ஒருவர் கட்டுரை படிப்பார். ஏனையோர் ஒருவர் பின் ஒருவராய் மறுமொழி கூறுவர். ஈற்றில் வினாவொன்று வாக்குக்கு விடப்படும். படித்த கட்டுரைகள் தேவதாருப் பெட்டியொன்றிற் சேமிக்கப்பட்டன. அப்பெட்டியை அவர்கள் ‘பேழை’ என வழங்கினர்.

இக்கழகத்துட் புகும் முறையே ஈண்டுக் கவனித்தற்குரியது. எவரும் விண்ணப்பஞ் செய்து அங்கத்தவராதல் இயலாது. அங்கத்தவர் சிலர் புதிய மாணவன் ஒருவனைக் குறித்துவைத்துக்கொண்டு, அவனுக்கு நோக்கத்தைப் புலப்படுத்தாமலே தேநீர் விருந்துக்கு அழைப்பர், அவனோடு உலாவுவர், அவனுடைய பேச்சையும் எண்ணத்தையும் ஆய்வர். இவ்வாறு ஆயப்படுவோனுக்குக் ‘கரு’ என்பது பெயர். அனைவரும் ஒருமனதாய் உடன்பட்டபின்னரே அவனுக்குச் செய்தி தெரியும். அத்தெரிவைப் ‘பிறப்பு’ என்றனர். பல்கலைக்கழக வாழ்வு முடிந்து கழகக் கடமையினின்று விடுபட்டவர் ‘சிறகு பெற்றவர்’ ஆவர். கழகமே உண்மைப் பொருள், வெளியுலகத்தார் வெறுந் தோற்றங்கள் என்பது அவர்தம் வேடிக்கைப் பேச்சு. வேடிக்கையே ஆயினும் அதனுள் ஓர் உட்பொருள் உண்டு.

இம்முறையின் பயனை மறுத்தல் நேர்மையாகாது. இயற்பியலறிஞர் கிளாக் மக்ஸ்வெல், ஒழுக்கவியலறிஞர் கென்றி சிட்விக், மெய்யியலாளர்களான பேட்றன்ட் ரசல், ஜி. ஈ. மூர், கணிதமேதை ஹார்டி, நாவலாசிரியர் போஸ்ரர், பொருளியலறிஞர் கெயின்ஸ் ஆகியோர் அனைவரும் இக்கழகத்தார் தேர்ந்தெடுத்த இளைஞர்களே. அவர்தம் பெயரை உலகம் அறியாத பருவத்திலே, இருபது வயது மாணவர் சிலர் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே அவர்களை இனங்கண்டுகொண்டனர். அச்சமின்றியும் ஒளிவுமறைவின்றியும் நண்பர் சிலர் உண்மையைத் தேடிய அக்கூட்டங்களே தம் கேம்பிறிட்ஜ் வாழ்வில் தம்மை வலிதாய்ப் பிணித்தன என்னுங் கருத்துப்பட சிட்விக் தம் நினைவுகளிற் குறித்துள்ளார். ஆயினும் தெரியப்பட்டோர் அனைவரும் அதனைப் பேறாகக் கருதினாரல்லர். கவிஞர் ரெனிசன் கட்டுரை படிக்குங் கடமையை நிறைவேற்றாது விலகினார். 1912 இல் தெரியப்பட்ட மெய்யியலாளர் விற்கென்ஸ்ரைன் அக்கூட்டங்களில் மனங்கொள்ளாது விரைவிலேயே விலக முற்பட்டார்.

இக்கழகத்தின் அங்கத்தவர் ஒருவர் யாழ்ப்பாணக் கச்சேரியிற் கடமையாற்றினார் என்பது நம்மவர் நினைவுகூரத்தக்கது. அவர் லெனாட் வூல்ஃப். 1902 இல் அப்போஸ்தலராகத் தெரியப்பட்ட அவரும் லிற்றன் ஸ்ரேச்சியுமே, முதலாண்டு மாணவராயிருந்த கெயின்ஸை அவருடைய அறைக்குச் சென்று கண்டு ஆய்ந்தவர்கள். கெயின்ஸ் 1903 இல் தெரியப்பட்டார். அடுத்த ஆண்டு வூல்ஃப் சிவில் சேவைப் பரீட்சைக்குத் தோற்றினார். அதில் அவர் பெற்ற இடம் இங்கிலாந்திலே நல்ல பதவி பெறுதற்குப் போதியதாயில்லை. ஆகவே இலங்கைச் சேவையை ஏற்று, 1905 இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார். கேம்பிறிட்ஜில் மிகச்சிலருள் ஒருவராய்ப் போற்றப்பட்டவர், பொதுப் பரீட்சையிற் பலருக்குப் பின்னே நின்றார். கெயின்ஸும் 1906 இல் அப்பரீட்சைக்குத் தோற்றி இரண்டாமிடம் பெற்றார். எனினும் பிற்காலத்தில் எத்துறையில் உலகுக்கே ஆசானாய் விளங்கினாரோ அப்பொருளியலில் அவர் பெற்ற புள்ளிகள் குறைவாயிருந்தன. இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்குணர்த்துவது யாது? பரீட்சை ஒருவனுடைய ஆற்றல் முழுவதையும் அளந்துவிடாது. நெருங்கிப் பழகி ஆராய்வோர் கண்ணுக்குப் புலனாவது வினாத்தாளுக்குப் புலனாகாமற் போதலுமுண்டு. இதனை ஒப்புக்கொண்ட பின்னரே மறுபக்கத்தை ஆராய்தல் முறையாகும்.

மறுபக்கமாவது யாதெனின், தம்மை ஒத்தாரையே தாம் தேடுதல் மனித இயல்பு என்பதாம். கேம்பிறிட்ஜிற் பெண்களுக்கான கேட்டன் கல்லூரி 1869 இலும் நியூனம் கல்லூரி 1871 இலும் தோன்றின. ஆங்குப் பயின்ற பெண்களுட் சிறந்த அறிவினர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. எனினும் அப்போஸ்தலர் கழகம் முதற்பெண்ணைத் தெரிவுசெய்தது 1970 ஆம் ஆண்டளவிலேயாம். உண்மையை அச்சமின்றித் தேடியோர், அடுத்த தெருவிலே பயின்ற பெண்களை ஒரு நூற்றாண்டு காலம் காணாதிருந்தனர். மேலும், நட்பே அளவையாகும் இடத்தில் நட்பின் பிழையைத் திருத்துவார் இலர். அங்கத்தவருள் இருவரான அந்தனி பிளன்டும் கை பேர்ஜசும் சோவியத் நாட்டுக்கு ஒற்றராயிருந்தனர். பேர்ஜஸ் 1951 இல் நாட்டைவிட்டு ஓடினார். பிளன்டின் செயல் 1979 இலேயே பாராளுமன்றத்தில் வெளிப்படுத்தப்பட்டது. கழகம் ஒற்றர் கூடமாயிருந்தது என்று இதனாற் கூறுதல் பொருந்தாது. எனினும், நம்மவரின் நம்மவர் என்னும் பற்று எத்துணை எளிதாகக் கண்ணை மறைக்கும் என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

அமெரிக்காவிலோ இவ்வரலாறு வேறொரு போக்கிற் சென்றது. 1776 ஆம் ஆண்டு திசெம்பர் 5 இல், வேர்ஜீனியாவின் வில்லியம் அன்ட் மேரிக் கல்லூரி மாணவர் சிலர் ‘பை பீட்டா கப்பா’ என்னுங் கழகத்தைத் தொடங்கினர். மெய்யறிவின்பால் அன்பே வாழ்வின் வழிகாட்டி என்னும் பொருள்தருங் கிரேக்கத் தொடரின் முதலெழுத்துக்கள் அவை. இரகசியக் கைகுலுக்கல், சின்னம், சத்தியம் ஆகியன அதற்கிருந்தன. யேல், ஹாவாட் ஆகிய இடங்களிலும் அதன் கிளைகள் விரைவிற் றோன்றின. ஐம்பதாண்டு கழிந்தபின், 1826 இல், நியூயோர்க் மாநிலத்தில் வில்லியம் மோர்கன் என்பவர் பிறீமேசன் கழகத்தின் இரகசியங்களை நூலாக வெளியிட முற்பட்டுக் கடத்தப்பட்டு மறைந்துபோனார். நாடெங்கும் இரகசியக் கழகங்களின்மேற் சினம் மூண்டது. அவற்றை எதிர்த்து ஓர் அரசியற் கட்சியே தோன்றிற்று. இவ்வெதிர்ப்பினால், 1831 இல் ஹாவாட் கிளை தன் இரகசியத்தைத் துறந்தது. அதன்பின் அக்கழகம் கல்வித் தகைமையை வெளிப்படையாகப் பாராட்டும் அமைப்பாக மாறிற்று. 1875 இல் வேமொன்ற் கிளை பெண்களையும் ஏற்றது. கதவைத் திறந்தமையால் அதன் மதிப்புக் குறைந்ததா எனின், இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அவ்வங்கத்துவம் இன்றும் பெருஞ் சிறப்பாகவே கருதப்படுகின்றது.

ஒரு வாயில் திறக்க மற்றொரு வாயில் அடைபட்டது. 1832 இல் யேலில் வில்லியம் ரசல், அல்போன்சோ ராப்ட் என்னும் மாணவர்கள் ‘ஸ்கல் அன்ட் போன்ஸ்’, அஃதாவது மண்டையோடும் எலும்புகளும் என்னுங் கழகத்தை நிறுவினர். அவ்வாண்டுப் பை பீட்டா கப்பாத் தெரிவையொட்டி எழுந்த பிணக்கே இதற்குக் காரணம் என்பது மரபாய்க் கூறப்படுவது. ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர் பதினைவர், தமக்குப்பின் வரும் பதினைவரைத் தெரிவர். 1856 இற் கட்டிய அவர்தம் சாளரமற்ற கற்கட்டடம் ‘கல்லறை’ எனப் பெயர்பெற்றது. இதனைப் பின்பற்றி 1842 இல் ‘ஸ்குரோல் அன்ட் கீ’ முதலாகப் பிற கழகங்களுந் தோன்றின.

அத்தெரிவு நிகழ்ந்த முறை கேம்பிறிட்ஜ் முறைக்கு முற்றும் மாறானது. ஆங்குக் கழகத்தின் செயல் மாத்திரமன்றித் தெரிவும் மறைவானது. ஈங்கோ செயல் மறைவானது, தெரிவு ஊரறிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலாக, மே மாதத்தில் ஒரு குறித்த நாளின் மாலையில் மூன்றாமாண்டு மாணவர் அனைவரும் கல்லூரி வளவிற் கூடிநிற்பர். ஐந்து மணியடிக்க, இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவராய்க் கூட்டத்துட் புகுந்து, தாம் தேடியவன் தோளிலே ஓங்கித் தட்டி, உன் அறைக்குச் செல் என்பர். தட்டப்பட்டவன் கூட்டத்தின் ஆரவாரத்தினூடே செல்வான். தட்டப்படாதவன் தன் தோழர் காணத் தனித்துநிற்பான். ஏன் அவன் தெரியப்பட்டிலன் என்பதற்குக் காரணங் கூறுவார் எவருமிலர். விளையாட்டுத் தலைவன், பத்திரிகை ஆசிரியன், நற்குடிப் பிறந்தவன் முதலியோரே பெரும்பாலுந் தெரியப்படுவராதலின், முதலாண்டு தொட்டே மாணவர் பலர் தம் நட்பையும் பேச்சையும் அந்நாளை நோக்கியே வகுத்துக்கொண்டனர். 1912 இல் வெளிவந்த ஓவன் ஜோன்சனின் ‘யேலில் ஸ்ரோவர்’ என்னும் நாவல் இம்மனநிலையைக் கண்டித்து எழுதப்பட்டது. திறந்தவெளித் தெரிவு 1950 களின் தொடக்கத்திற் கைவிடப்பட்டதெனினும், தெரிவுரிமை அங்கத்தவரிடமே நின்றது.

இக்கழகத்திற் புகுந்தோர் அடைந்த பதவிகள் யாவரும் அறிந்தவை. நிறுவியோருள் ஒருவரான அல்போன்சோ ராப்ட் சட்டமா அதிபரானார். அவர் மகன் வில்லியம் கவாட் ராப்ட் 1909 முதல் 1913 வரை சனாதிபதியாகவும், 1921 முதற் பிரதம நீதியரசராகவும் இருந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் போரமைச்சர் ஸ்ரிம்சனும், சனாதிபதிகளான புஷ் தந்தையும் மைந்தனும் இக்கழகத்தவரே. 2004 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் எதிரெதிரே நின்ற ஜோர்ஜ் டபிள்யு. புஷ், ஜோன் கெரி ஆகிய இருவரும் இதன் அங்கத்தவர்கள். அதுபற்றி வினாவப்பட்டபொழுது இருவரும் விவரங்கூற மறுத்தனர். கோடிக்கணக்கான மக்கள் வாக்களித்துத் தெரியவேண்டிய இருவரையும், அவர் இளைஞராயிருந்த காலத்திற் பதினைவர் கொண்ட குழுக்கள் முன்னரே தெரிந்திருந்தன. இதிற் சூழ்ச்சியெதுவும் உண்டெனக் கற்பித்தல் வேண்டா. செல்வமும் குடிப்பெருமையும் உடையாரையே பெரிதுந் தெரிந்தமையால், அவர் உயர்பதவி பெற்றமை கழகத்தின் ஆற்றலாலா, முன்னரே அவர்க்கிருந்த ஏணியாலா எனப் பிரித்தறிதல் அரிது. ஏணியுடையாருக்கே மற்றுமோர் ஏணியைக் கொடுத்தல்தான் ஈண்டுக் குறை.

யேல் பல்கலைக்கழகம் 1969 இற் பெண்களைப் பட்டவகுப்பிற் சேர்த்தது. கழகமோ இருபதாண்டுக்கு மேலும் அவர்களை ஏற்கவில்லை. 1991 இல் அவ்வாண்டு அங்கத்தவரான இளைஞர்கள் பெண்களையுந் தெரிந்தபொழுது, மூத்த அங்கத்தவர் சினந்து கல்லறையின் பூட்டையே மாற்றினர், வழக்குந் தொடுக்கப்பட்டது. ஈற்றில் அங்கத்தவர் வாக்கெடுப்பினாற் பெண்களுக்கு வழி பிறந்தது. இளையோர் திறக்க முற்பட்ட கதவை முதியோர் அடைத்துநின்ற இந்நிகழ்ச்சி, பழைய மாணவராகிய எவரும் தம்முள்ளே எண்ணிப்பார்த்தற்குரியது.

தெரிவின் பின் வருவது புகுமுகச் சடங்கு. துன்பத்தைக் கூடித் தாங்கியோர் பிரியார் என்னும் எண்ணத்தினால், புதியவரை அச்சுறுத்தியும் இழிவுசெய்தும் சேர்த்தல் பல கழகங்களில் வழக்கமாயிற்று. 1873 இற் கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கழகமொன்றிற் புகவிருந்த மாணவன் ஒருவன், அச்சடங்கின் பொருட்டு இரவில் அழைத்துச்செல்லப்பட்டபொழுது மலையிடுக்கில் வீழ்ந்து மாண்டான். நம் நாட்டிற் பகிடிவதை என்னும் பெயரால் நிகழும் கொடுமைக்கும் இதற்கும் வேர் ஒன்றே. இரகசியக் கழகமென ஒன்று இல்லாதவிடத்தும், துன்புற்றவனே நம்மவன் என்னும் விதியை மூத்த மாணவர் தாமே வகுத்துக்கொள்கின்றனர். இதனைத் தடுத்தற்கு 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் தண்டிக்கும், ஆனால் அவ்விதியைப் பொருளற்றதாக்குதல் மாணவராலேயே இயலும்.

இவ்வாயில்களுக்கு மாறாக, அதே நூற்றாண்டில் வேறொரு வாயிலுந் திறந்தது. 1858 ஆம் ஆண்டுப் புதிய பட்டயத்தின்படி இலண்டன் பல்கலைக்கழகம், எக்கல்லூரியிற் பயின்றவராயினும் பயிலாதவராயினும் தன் பரீட்சைக்குத் தோற்றலாம் என விதித்தது. 1878 இற் பெண்களுக்கும் பட்டங்களைத் திறந்துவிட்டது. குலமோ சமயமோ யாதென அது வினவவில்லை. பாடத்திட்டம் அச்சிடப்பட்டது, வினாத்தாள் எல்லார்க்கும் ஒன்று, பெறுபேறு வெளிப்படை. 1921 இற் கொழும்பிற் றோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையும்வரை இலண்டன் பட்டப் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. பகலிற் கற்பித்து இரவிற் கற்றுப் பட்டம்பெற்ற நம் ஆசிரியர் பலரும் அவ்வழி வந்த வெளிவாரிப் பரீட்சை முறைக்குக் கடமைப்பட்டவர்கள். இக்கட்டுரையாளனும் அவருள் ஒருவன். எவரும் எங்கள் தோளிலே தட்டவில்லை. தட்டப்படும்வரை காத்திருக்கவேண்டிய தேவையும் எங்களுக்கு எழவில்லை.

எனினும் இவ்வாயிலின் குறையையும் மறைத்தலாகாது. வெளிவாரி மாணவனுக்குப் பட்டம் கிடைக்கும். சனிக்கிழமை இரவு கிடையாது. தன் கட்டுரையைப் படித்துக்காட்டவும், தன் எண்ணத்தை மறுத்துரைக்கவும் வல்ல நண்பர் குழாம் அவனுக்கு வாய்த்தல் அரிது. அப்போஸ்தலர் கழகத்திற் சிறந்ததெனக் கொள்ளத்தக்கது அவ்வுரையாடலேயன்றி இரகசியமன்று. அவ்வுரையாடலைக் கதவு திறந்துவைத்து நிகழ்த்தலாகாதா என்பதே நம்முன் நிற்கும் வினா.

வள்ளுவர் ‘தெரிந்துதெளிதல்’ என ஓரதிகாரம் வகுத்து, அன்புடைமை ஒன்றையே பற்றுக்கோடாகக்கொண்டு அறிவிலாரைத் தேர்தல் பேதைமையெல்லாந் தரும் என எச்சரித்துள்ளார். அரசனுக்குக் கூறிய அவ்வறிவுரை மாணவர் மன்றங்களுக்கும் பொருந்தும். வில்னா மாணவரின் இரகசியம் அரசின் கொடுமையாற் பிறந்தது. கேம்பிறிட்ஜ் மாணவரின் இரகசியம் எண்ணத்தைக் காத்தற்குப் பிறந்து பின் வழக்கமாயிற்று. யேல் மாணவரின் இரகசியமோ பெருமையை வளர்த்தற்கு உதவிற்று. காப்புக்காகக் கட்டிய மதில், காக்கவேண்டிய காரணம் நீங்கியபின்னும் நிற்குமாயின், அது பிறரைத் தடுத்தற்கே பயன்படும்.

நம் கல்லூரிகளில் மண்டையோட்டுச் சின்னங்களில்லை. ஆயினும் மாணவ முதல்வர், விவாத அணியினர், விளையாட்டுத் தலைவர், மன்றச் செயலாளர் ஆகியோரைத் தெரியும்பொழுதெல்லாம் நாமும் ஒரு வாயிலைக் காத்துநிற்கின்றோம். தகைமை யாதென முன்னரே எல்லாரும் அறிய உரைத்தோமா? அத்தகைமையுடைய எவனும் தானே வந்து கேட்டற்கு இடமளித்தோமா? தெரியப்படாத மாணவன் ஏனென்று வினவினால், அவன் முகம்நோக்கிக் காரணங்கூற வல்லோமா? இம்மூன்று வினாக்களுக்கும் ஆமென விடையிறுக்கக்கூடிய கழகம், கதவடைத்துக் கூடினும் கேடு பயவாது. விடையிறுக்க இயலாத கழகமோ, நடுமுற்றத்திற் கூடினும் இரகசியக் கழகமேயாம்.